ஏங்குகிறவன் பேசுகிறேன்

இனி யாரையும் திருத்துவதில்லை என்று தீர்மானித்துப் பதினொரு நாள் ஆகிறது. சரியாகச் சொன்னால் பத்தரை.

கோவிலம்பாக்கத்தில் மச்சினி ஆஃபியா வீட்டு விருந்து. அவளுடைய புது சம்பந்திகளிடம் என் மனைவி சபீஹா ஒரு கதை சொன்னாள். நான் ஏழு இடத்தில் திருத்தினேன். ஏழாவதில் அவள் கதையை நிறுத்திவிட்டாள். அன்று தாம்பரத்துக்கு நான் மட்டும்தான் திரும்பினேன்.

வீட்டில் இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் எப்போதும் மூடாமல் வைக்கும் டூத்பேஸ்ட்டை நானே திறந்து வைத்துப் பார்த்தேன்.

ஆலோசகர் தீபா மேடத்திடம் போனேன். ஒரு மனிதனுக்குள் பல பேர் இருக்கிறார்களாம். எனக்குள் ஒரு திருத்துகிறவன்; அவன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஏங்குகிறவன்.

"யாரையும் விரட்டாதீங்க, அமீருதீன் சார். ஒவ்வொருத்தரையா உட்கார வெச்சுப் பேச விடுங்க" என்றார்.

எனக்கு வேறொன்று தோன்றியது. பழியை ஒருவன் தலையில் போட்டுவிட்டு இன்னொருவனைப் பேசவிட்டால், நான் மன்னிப்பே கேட்க வேண்டாம். சபீஹாவும் வந்துவிடுவாள்.

போன் செய்தேன்.

"அன்னைக்குப் பேசினது நான் இல்லை, சபீஹா. எனக்குள்ள இருக்கிற திருத்துறவன்."

"அப்ப இப்பப் பேசுறது?"

"ஏங்குறவன்."

"இத்தனை வருஷமா எங்க இருந்தாராம்?"

"பின்னால."

"அந்த இன்னொருத்தர்?"

"உள்ள உட்கார வெச்சிருக்கேன்."

 அவள் குரல் இளகியது.

"நிக்காஹ் முடிஞ்சு வண்டலூர் ஜூவுக்குப் போனோமே. ஒரு ஞாயித்துக்கிழமை."

புதன்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஆமா."

"சிங்கத்துக்கு முன்னாடி நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்."

நீர்யானை. நுனிநாக்கு வரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினேன். "ஆமாமா."

"நான் மஞ்சள் சேலை கட்டியிருந்தேன்."

"பச்சை" என்றேன். "இலைப் பச்சை. ஓரத்துல பொடிப்பொடியா வெள்ளைப் பூ. தோள்ல குத்தின ஊக்கு கழண்டு விழுந்து, நான்தான் புல்லுல குனிஞ்சு தேடினேன்."



"நீர்யானைன்னு எனக்கும் தெரியும்ங்க. இப்பப் பேசினது யாரு? திருத்துறவரா, ஏங்குறவரா?"

யோசித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு விடை தெரியவில்லை.

"சரி, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. சம்பந்திங்க இங்கதான் இருக்காங்க. அவங்க முன்னாடி ஏழு தடவை மன்னிப்பு. ஏங்குறவர் கேட்கட்டும். திருத்துறவர் எண்ணட்டும்."

"சேலையோட சேர்த்து எட்டு" என்றேன்.