எரிந்தது யார் கலோரி?

"நூத்திப் பன்னெண்டா? ஒரு மணி நேரம் நடந்ததுக்கா?"

சுகுமாரன் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். கடிகாரம் இரங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, முழங்கால் முனகியது; எரிந்த கலோரி மட்டும் நூற்றுப் பன்னிரண்டு. காலை நடை முடிந்து வந்த மனைவி குமுதா தன் கடிகாரத்தில் காட்டியதோ அறுநூற்று நாற்பது.

விளையாட்டாகத் தொடங்கிய பந்தயம்தான். இந்த மாதம் யார் அதிகம் எரிக்கிறார்களோ, அவர் சொல்லும் இடத்தில் இருபதாவது திருமண நாள். சுகுமாரனின் ஆசை பத்து ஃபிரிங்கி கடற்கரை விடுதியில் கடல் தெரியும் அறை. இரண்டு நாள், இரண்டே பேர். குமுதாவின் ஆசை கோலாலம்பூரில் அக்கா மோகனா வீடு. அங்கே போனால் மோகனாவின் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு நாளும் இன்சூரன்ஸ் பேசுவார்.

அன்று சாயங்காலம் சுகுமாரன், டத்தோ கெராமட் ரோட்டில் அலாவுதீனின் ரொட்டிக் கடையில் போய்ச் சோர்ந்து விழுந்தார்.

"ஒருத்தர ஜெயிச்சாகணும் தம்பி. ஆனா நடக்க முடியலியே."

"வாட்ச்ச கழட்டிக் குடுங்கண்ணே. நான் தே தாரிக் இழுக்கிறப்ப கட்டிக்கிறேன். கை ஆடினாப் போதும், அது ஓடுறதா நெனச்சுக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தொழில் ரகசியம்லா."

பால் தேநீரை உயரத் தூக்கிக் குவளைக்குக் குவளை ஆற்றும்போது அலாவுதீனின் கை ஏறி இறங்கியது. சுகுமாரன் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸை முடிப்பதற்குள் எழுநூறு கலோரி எரிந்துவிட்டது.

மறுநாள் காலை குமுதா காட்டினாள்: ஆயிரத்து நூறு.

சுகுமாரன் விடவில்லை. "கொஞ்சம் வேகமா இழு தம்பி." ஆயிரத்து நானூறு வந்தது. குமுதா ஆயிரத்து எண்ணூறு. கடையிலிருக்கும் நேரத்தை இரண்டு மணியாக்கினார். காத்திருக்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? முர்தபா, ரோஜாக் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின.

வீட்டிலோ குமுதா உருகினாள். "இந்த வயசுல இவ்ளோ ஓடுறீங்களேங்க!" என்று தட்டில் இரண்டு முட்டை கூடுதலாக வைத்தாள். குற்ற உணர்ச்சியோடு அதையும் சாப்பிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் மாலை, இரண்டு பஸ் நிறையச் சுற்றுலாப் பயணிகள் கடைக்கு வந்து இறங்கினார்கள். அலாவுதீன் சுழன்றார். குமுதாவின் போனுக்கு எச்சரிக்கை பறந்தது: 'உங்கள் கணவரின் இதயத் துடிப்பு 172.'

"என்னங்க! ஓடாதீங்க! அப்படியே உட்காருங்க!" என்று போனில் அலறினாள்.

"உட்கார்ந்துதானே இருக்கேன்," என்றார் சுகுமாரன், வாய் நிறைய ரொட்டியோடு.

பத்தே நிமிடத்தில் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, காரில் ஏற்றி, கிளினிக்கில் இறக்கினாள் குமுதா. நர்ஸ் ரொஸ்னா கையைப் பிடித்துப் பார்த்தாள். "எழுபத்தாறு. நோர்மல்லா, சார்." பிறகு எடை மேடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். போன மாதத்தைவிட மூன்று கிலோ கூடுதல்.

"வாட்ச் எங்க?" என்றாள் குமுதா.

கார் நிறுத்துமிடத்தில் சுகுமாரன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "உன்னோட தனியா ரெண்டு நாள் இருக்கணும்னு ஆசை, குமுதா. அதான் புத்தி கெட்டுப்போச்சு. நீ காலையில வேர்க்க விறுவிறுக்க நடக்கறே, நான் ஏமாத்திட்டேன். அக்கா வீட்டுக்கே போலாம்."

குமுதா திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"எந்தக் கடை?"

"அலாவுதீன் கடை. வா, வாட்ச்ச வாங்கிட்டு வந்துடலாம்."

"இப்ப எதுக்கு? நாளைக்கு நானே..." அவள் முகம் வெளுத்தது. "எனக்குத் தலை வலிக்குது. நீங்க மட்டும் போங்க."

"கோபமா? உன் முன்னாடியே அவன்கிட்டயும் சொல்லிடறேன். வா."

கையைப் பிடித்து அழைத்துப் போனார். குமுதா அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒண்டி வந்தாள்.

அலாவுதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த குவளை அந்தரத்தில் நின்றது.

"யா அல்லா! அப்போ ஒரு மாசமா, காலையில அக்கா வாட்ச்ச கட்டிக்கிட்டு ரொட்டி வீசின நானும், சாயங்காலம் அண்ணே வாட்ச்ச கட்டிக்கிட்டு தே தாரிக் இழுத்த நானும்தான் போட்டி போட்டுக்கிட்டிருந்தோமா?"