நாற்பத்தோராவது கல்லும் ஆலிலைப் பிரசுரங்களும்

ஒரு காட்டில் ஒரு குளமும், அதன் கரையில் நாற்பத்தோரு கற்களும் இருந்தன. யாருக்குப் பின் யார் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை அந்தக் கற்கள்தான் சொல்லின. முதல் கல் சிங்கத்துக்கு. கடைசிக் கல் முயலுக்கு. யார் நட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததாலேயே கற்களுக்கு மரியாதை இருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. நாற்பதாவது கல்லுக்காரரான காட்டுப்பன்றி குடித்துவிட்டு எழுந்ததும், வெள்ளாத்தா என்ற முயலுக்குச் சேறுதான் மிஞ்சியது. வளையில் அவளுடைய மூன்று குட்டிகள் நாக்கு உலர்ந்து கிடந்தன.

வரிசையை மாற்றிக் கேட்கப் படிவம் ஒன்று இருந்தது. வரிசை அலுவலர் முள்ளையா என்ற முள்ளம்பன்றியிடம் அது கிடைக்கும். ஏழாவது கேள்வி: 'உங்கள் பாட்டனார் எந்தக் கல்லில் நின்று குடித்தார்?' அதே கல் என்று எழுதினால், மாற்றத் தேவையில்லை. வேறு கல் என்று எழுதினால், ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது.

படிவமே வேண்டாம், கற்களைப் பிடுங்கிக் குளத்தில் எறிவோம் என்றது கனலரசு என்ற நரி.

அந்தச் சமயத்தில்தான் செங்கால் நாரை காட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. வடக்கே ஓர் ஏரியில் இருபத்திரண்டு வருஷம் ஒரே விஷயத்தை ஆராய்ந்த பறவை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தேசத்து எழுத்தாளப் பறவைகள், பழைய ஆட்சியைக் காப்பதா கவிழ்ப்பதா என்று புனைபெயர்களில் சண்டையிட்டு வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களே ஆராய்ச்சிப் பொருள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நாரை ஒற்றைக்காலில் நின்று யோசிக்கும். பிறகு காலை மாற்றிக்கொள்ளும்.

முள்ளையா காலையிலேயே வந்துவிட்டார். "இந்த விஷயமெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நம்ம தரப்புல நாலு வரி எழுதிக் குடுங்க, சார்."

இருபத்திரண்டு வருஷத்தில் நாரையிடம் எவரும் நாலு வரி கேட்டதில்லை. குளத்துக்கு நிழல் தந்த ஆலமரத்தில் ஓர் இலையைப் பறித்து எழுதியது: 'இந்தக் கற்களை ஒரு மேதை நடவில்லை, நூறு கோடைகள் நட்டன. பிடுங்க ஒரு காலைப்பொழுது போதும். மறுபடி நட எத்தனை கோடை ஆகும்?' கீழே, 'பழைய பிரஜை' என்று அந்த நூற்றாண்டுப் பாணியில் ஒரு கையொப்பம்.

சாயங்காலம் நரி வந்து, தன் தரப்புக்கும் நாலு வரி கேட்டது. நாரை மறுக்கவில்லை. எதிர்த்தரப்பு இவ்வளவு பலமாக இருக்கையில் பதில் இல்லாமல் விடுவது ஆராய்ச்சி தர்மமில்லை என்று அதற்குப் பட்டது. இன்னோர் இலை: 'அந்த நூறு கோடையிலும் கடைசிக் கல்லில் நின்றவரை யாராவது கேட்டார்களா? தாகத்துக்குத் தாத்தா கிடையாது.' கீழே, 'சுதந்திரன்.'

அன்று முதல் பழைய பிரஜைக்குச் சுதந்திரன் மறுப்பு எழுதினார். சுதந்திரனுக்குப் பழைய பிரஜை மறுப்புக்கு மறுப்பு எழுதினார். காடே இரண்டாகப் பிரிந்து, காலையில் ஒருவரையும் மாலையில் மற்றவரையும் படித்தது. சிங்கம் எதையும் படிக்கவில்லை; அதற்கு முதல் கல் போதும். தன் வரிகளைத் தானே படித்து நாரை இருமுறை கண் கலங்கியது, தரப்புக்கு ஒருமுறை.

ஒருநாள் வெள்ளாத்தா வந்து, குட்டிகளின் நிலையைச் சொல்லி வழி கேட்டாள்.

"நல்ல கேள்வி அம்மா. இதை இரண்டு விதமாக அணுகலாம்" என்றது நாரை.

"தண்ணிய எத்தனை விதமாக் குடிக்கலாம்னு நான் கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்த வாக்கியம் நன்றாக இருந்ததால் நாரை அதைச் சுதந்திரனுக்குக் கொடுத்தது.

இலை பறித்துப் பறித்து, பங்குனி முடிவதற்குள் ஆலமரம் மொட்டையானது. நிழல் போன குளத்தை வெயில் நாற்பத்திரண்டாவது ஆளாக வந்து, வரிசை பார்க்காமல் குடித்தது. குளம் காய்ந்தபின் புரட்சி வென்றது. கற்கள் எல்லாம் காய்ந்த குளத்துக்குள் வீசப்பட்டன. சிங்கம் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. குளத்தில் விழுந்து கிடந்த கற்களில் பெரியதன்மேல் கனலரசு ஏறி உட்கார்ந்தது. மற்றக் கற்களை அவை விழுந்த வரிசைப்படியே பதிவு செய்து, மரபு தொடர்வதாக முள்ளையா அறிவித்தார். ஏழாவது கேள்வியின் முடிவு மட்டும் மாறியது: 'உங்கள் பாட்டனார் எந்தக் கல்லை எறிந்தார்?'

இரு தரப்பையும் இணைத்து ஒரு பெரிய பிரசுரம் எழுதும் காலம் வந்துவிட்டதாக நாரைக்குத் தோன்றியது. இலைக்கு எங்கே போவது? எழுதி முடித்த இலைகளையும் காணோம். பக்கத்தில் வறண்டு கிடந்த ஓடையின் மணல் தடத்தில் அவை ஒவ்வொன்றாகச் சிந்திக் கிடக்க, நாரை பின்தொடர்ந்து போனது.

ஓடை திரும்பும் இடத்தில் வெள்ளாத்தா மணலைப் பறித்து ஊற்று தோண்டியிருந்தாள். வெயில் உறிஞ்சாமலிருக்கக் குச்சி பரப்பி, மேலே பிரசுரங்களை வேய்ந்திருந்தாள். கீழே கையளவு தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குட்டிகள் மூன்றும் குடித்துவிட்டு மணலில் புரண்டன.

நாரையையும் குடிக்கச் சொன்னாள். நாரை குடித்தது. பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "இதையெல்லாம் படித்தாயா அம்மா?" என்றது.

"படிச்சேனுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கையெழுத்தா இருந்துச்சு. சரி, ஒண்ணு மேல ஒண்ணு ஒத்துப் படுக்கும்னு அடுக்கிட்டேன்."

நாரை ஒற்றைக்காலில் நின்றது. காலை மாற்றிக்கொள்ளவில்லை.

"அடுத்த தடவை தேக்கிலையில எழுதுங்க சார்" என்றாள் வெள்ளாத்தா. "ஆலிலை சின்னது. நிறைய வேண்டியிருக்கு."

நீதி: பழமையோ புரட்சியோ, அகலமான இலையில் எழுதுக.