மூன்றாவது வளைவு

“பாய்! உன் வைத்தியம் பலிச்ச அழகை மேல போய்ப் பாரு!”

கல் குவாரி முதலாளி நாராயணப்பன் மலைப்பாதையிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். மெக்கானிக் நசருல்லா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆறாவது முறை.

“அதே எடமா மொதலாளி?”

“மூணாவது வளைவு. நூல் புடிச்ச மாதிரி அங்கயே வந்து நிக்குது.”

அது மலை வண்டி. மூன்று சக்கரம், பலூன் மாதிரி டயர், டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பர்கூர்க் கல்லை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் மரப்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். அது வரும்வரை, ஜீப் ஏறாத அந்தப் பாதையில் முதலாளி ஏறியதே கிடையாது. அவர் உடம்புக்கும் முழங்காலுக்கும் மலை அடிவாரமே மலை. வண்டி வந்ததும் ஒரு நாளைக்கு நாலு தடவை மேலே போனார். வேலை நேரத்தில் டீ குடித்தவன், பீடி பற்றவைத்தவன், சும்மா நின்றவன் என்று ஒரே வாரத்தில் ஒன்பது பேரின் சீட்டைக் கிழித்தார்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வண்டி படுத்துக்கொண்டது.

பர்கூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் நசருல்லாவுக்குக் கடை. சத்தத்தை வைத்தே இன்ஜினின் நோயைச் சொல்லிவிடுவார் என்று கிருஷ்ணகிரி வரைக்கும் பேர். ஆனால் கடை இருந்த கட்டடம் முதலாளியுடையது.

“வெள்ளிக்கிழமை கல் வாங்கறவங்க வராங்க. இந்த வண்டியிலதான் மேல கூட்டினு போகணும். போகலன்னா, அந்தக் கடையில சூளகிரி மெக்கானிக் சௌந்தரராஜனை உக்கார வச்சுடுவேன். அவ்ளோதான்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இருபது வருஷம் இருந்த கடை. அதை விட்டால் நசருல்லா வேறு எங்கே போவார்?

அவரும் சும்மா இருக்கவில்லை. முதலில் பிளக்கை மாற்றினார். வண்டி நின்றது. பெட்ரோலில் ஆயில் குறைச்சலோ என்று கொஞ்சம் கூட்டி ஊற்றினார். வண்டி கக்கிய புகையில் முதலாளியின் வெள்ளை வேட்டி கரிமூட்டை ஆயிற்று, வண்டியும் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். அதற்குப் பிறகு பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. முதலாளி தன் பங்குக்கு வளைவில் பூசணிக்காய் உடைத்தார். அடுத்த முறை வண்டி நின்றபோது அந்தப் பூசணிக்காய் மேலேயே கால் வைத்து வழுக்கி விழுந்தார். நொண்டல் அதனால்தான்.

கடைசியாக நசருல்லா இன்ஜினையே பிரித்து, பிஸ்டன் ரிங் வரைக்கும் பார்த்துப் பூட்டினார். பூட்டி முடித்ததும் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், முதலாளிக்கு நிற்கிற வண்டி நசருல்லாவுக்கு ஓடியது. அவர் வளைவுக்கு நடந்து போய், பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்து, மூடி, ஒரு உதை உதைப்பார். உடனே கிளம்பிவிடும். நல்ல பிள்ளையாகக் கீழே வந்து சேரும்.

“என்னைப் பைத்தியக்காரன்னு நெனச்சுக்கினு இருக்கறியா பாய்?” என்றார் முதலாளி.

மூடியைத் திறக்கும்போதெல்லாம் நசருல்லா ஒரு சுத்தமான துணியை அதன்மேல் போட்டுத்தான் திருகுவார். குவாரி ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் வெங்கடம்மாள் ஆயுத பூஜையிலிருந்து தினமும் காலையில் அந்த மூடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். வண்டி நன்றாக ஓட வேண்டுமென்று ஒருத்தி பக்தியாக வைத்த பொட்டு. அதில் தன் கிரீஸ் கை படலாமா? வேற்று மதத்துக்காரன் அழித்தான் என்ற பேச்சும் வேண்டாம். அந்த மரியாதையில் நசருல்லாவைக் குறை சொல்லவே முடியாது.

வீட்டில் தம்பி ஃபக்ருதீன் வேறு. குவாரி உச்சியில் கம்ப்ரெசர் ஓட்டுகிறவன். முன்பு அண்ணன் கடையில்தான் இரண்டு வருஷம் தொழில் கற்றான். “உனக்கு இன்ஜின் அறிவு சுட்டுப்போட்டாலும் வராது” என்று நசருல்லா விரட்டிவிட்டார். பிறகு மனசு கேட்காமல் முதலாளியின் காலைப் பிடித்துக் குவாரியில் சேர்த்துவிட்டார். கல் தூசியில் அவனுக்கு இருமல் வந்தது. இப்போது அவன் இருமுகிறானா, இருமல் அவனை உலுக்குகிறதா என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் நசருல்லாவுக்கு மனசு பிசையும்.

“அண்ணே, அந்த வண்டிய விட்டுடேன். நின்னா நின்னுட்டுப் போவுது” என்றான் அவன் ராத்திரிச் சாப்பாட்டில், இருமலுக்கு நடுவே.

“எனக்கு வராதுன்றியா?”

“அதில்லண்ணே…”

“வாய மூடு. பிளக்குக்கும் பாயின்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத பய, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டே!”

ஃபக்ருதீன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

வியாழக்கிழமை காலை. நசருல்லாவே வண்டியை எடுத்தார். முதலாளி பின்னால் ஏறிக்கொண்டார். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவதில் இன்ஜின் இரண்டு விக்கல் விக்கி உயிரை விட்டது.

“சௌந்தரராஜனுக்கு இன்னைக்கே சொல்லி அனுப்பறேன்” என்றார் முதலாளி. கத்தக்கூட இல்லை. நசருல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வழக்கம்போல மூடிமேல் துணியைப் போட்டார். மலைக்காற்று துணியைப் பறித்துக்கொண்டு போயிற்று. வேறு வழியில்லாமல் வெறுங்கையால் திருகினார்.

இத்தனை நாள் துணிக்கடியில் அமுங்கிப்போன சத்தம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டது; டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

நசருல்லா அப்படியே நின்றார். மூடியைக் கண்ணருகே கொண்டுபோனார். நட்ட நடுவில், காற்றுப் போகிற ஊசித் துளையின் மேல், சந்தனம் காய்ந்து கல்லாக உட்கார்ந்திருந்தது. துளை அடைத்தால் டேங்க்குக்குள் காற்று போகாது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. திறந்து மூடினால் கொஞ்ச தூரம் ஓடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்ற பாடம்!

“மன்னிச்சுக்கோக்கா” என்று வெங்கடம்மாளை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தினார்.

“இப்ப ஓட்டுங்க மொதலாளி. நிக்காது!”

நிற்கவில்லை. முதலாளி தனியாகவே வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். சத்தம் நான்காவது வளைவையும் ஐந்தாவதையும் தாண்டி உச்சி வரைக்கும் போவதைக் கேட்டுக்கொண்டே நசருல்லா கீழே இறங்கினார். பத்து நாளாக இறங்காத சோறு இன்றைக்கு இறங்கும் போலிருந்தது.

ஆபீஸ் வாசலில் வெங்கடம்மாள் விளக்குமாற்றோடு நின்றாள். அவளும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காத. நீ வச்ச பொட்டுதான் துளைய அடைச்சிருக்குது. இனிமே மூடியில வைக்காம ஹேண்டில்ல வை.”

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

அரைமணி நேரத்தில் முதலாளி இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாய், நீதான்யா மெக்கானிக்! கடை உனக்குத்தான். எவனும் கேக்க முடியாது.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. தப்பா எடுத்துக்காத. மேல நாலு பேரு நல்லாப் படுத்துக்கினு இருந்தானுங்க. உன் தம்பி கம்ப்ரெசர் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுத்திருக்கறான். தெனம் பத்து மணிக்கு மேல அவனால நிக்க முடியாதாம், மத்தவனுங்க அவன் வேலையப் பார்த்துக்கறாங்களாம். நாலு பேரையும் நிறுத்திட்டேன். தொழில் வேற, உறவு வேற, இல்லையா?”

முதலாளி உள்ளே போய்விட்டார்.

நசருல்லாவின் கையில் ஊக்கு இன்னும் இருந்தது. மலைப்பாதையில் யாரோ இருமிக்கொண்டே இறங்கி வரும் சத்தம் கேட்டது.

“அக்கா, நீ பக்தியா ஒரு பொட்டு வச்சே. நான் அதைக் குத்தித் தொலைச்சேன். இப்பிடி ஆகும்னு யாரு கண்டா?” என்றார்.

வெங்கடம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பக்தியா? வெறும் சந்தனம்னா வெயில்ல உதிர்ந்துடும், மைதாப் பசை கலந்து வைங்கக்கான்னு, அந்தத் துளைய எனக்குக் காட்டுனதே உன் தம்பிதான் பாய்.”