முந்திச் சிரிப்பவர்

சினிமாக் கொட்டகைக்குப் போன எவருக்கும் முந்திச் சிரிப்பவரைத் தெரியாமல் இருக்காது. படத்தில் ஒருவன் வழுக்கி விழுவதற்கு அரை நிமிஷம் முன்பே சிரித்து, எதற்குச் சிரித்தார் என்று நமக்கும் விளக்கி, நாம் சிரிக்க வேண்டிய நேரத்தில் "நான் சொல்லல?" என்று முதுகில் தட்டும் ரகம். திண்டிவனம் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி குமாஸ்தா விருத்தாசலம் அதில் முதல் தரம்.

முப்பத்தெட்டாம் வருஷம். பேசும் படம் வந்து ஊமைப்படங்கள் அநேகமாக ஒழிந்துவிட்டிருந்தன. டென்ட் கொட்டகைக்காரருக்கு எங்கிருந்தோ பழைய ஊமைச் சிரிப்புப் படம் ஒன்று கிடைத்தது. பத்தே நிமிஷம். திண்டிவனத்தில் ஒரு நாள், மறுநாள் விழுப்புரத்தில். அவ்வளவுதான். ஊமைப்படமே பார்த்தறியாத விருத்தாசலத்தின் மனைவி கிருஷ்ணவேணி கெஞ்சினாள்: "இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிக்கினு இருங்க. படமே பேசல, நீங்க ஏன் பேசணும்?"

இருப்பாரா? பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் இவர், நடுவே தட்டி. படத்தில் தோளில் ஏணியோடு ஒரு குண்டன் வந்தான். பின்னாலேயே விறைப்பாக ஒரு போலீஸ்காரன். விருத்தாசலம் தட்டிக்கு மேலே எக்கிக் கூவினார்: "வேணி! இப்ப ஏணி அவன் மண்டையில இடிக்கும் பாரு! நான் மெட்ராஸ்லயே பாத்துட்டேன்!"

குண்டன் திரும்பினான். போலீஸ்காரன் பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்தான். இடிக்கவில்லை. குண்டன் மறுபடி திரும்பினான். போலீஸ்காரன் கீழே விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்தான். இடிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, மீசையை முறுக்கி, கம்பீரமாக ஓரடி பின்னால் வைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் உட்கார்ந்தான்.

கொட்டகை அதிர்ந்தது. விருத்தாசலம் ஒரு கணம் விழித்தார். அப்புறம் வயிற்றிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! பக்கத்து ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஊரோடு சேர்ந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தட்டிக்கு அந்தப்புறமிருந்து குரல் வந்தது: "என்னாங்க! இதையும் மெட்ராஸ்ல பாத்தீங்களா?"

"இல்ல, வேணி."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த 'இல்ல' வந்ததும் அன்றுதான். வீடு போகும்வரை இருவரும் போலீஸ்காரனைப் போல நடந்து காட்டிச் சிரித்தார்கள். மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, அவரே அவளை ரயிலில் விழுப்புரம் கூட்டிப்போனார்.

விளக்கு அணைந்தது. ஏணி வந்தது. விருத்தாசலம் பல்லைக் கடித்துப் பொறுத்தார். போலீஸ்காரன் குனியும்வரைகூடப் பொறுத்தார். அப்புறம் எழுந்து நின்று கூவினார்:

"இடிக்கும்னு பாத்துக்கினு இருக்கீங்களா? இடிக்காது!"

அவர் வாயைத் திறப்பார் என்று உங்களுக்கு நாலு வரிக்கு முன்பே தெரிந்துவிட்டதா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும்விட்டீர்களா? அப்படியானால், ஐயா, அடுத்த படத்துக்குத் தயவுசெய்து எனக்கு ரொம்பத் தள்ளி உட்காருங்கள்.