கடைசி மெடலுக்கு ரிவர்ஸ் எடுத்த லாரி

உயிரைக் கொடுத்து விளையாடியவர்கள் என்று பத்திரிகைகளில் யார் யாரைப் பற்றியோ எழுதுகிறார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே உயிரைக் கொடுத்து விளையாடியவன் உலகத்தில் ஒருவன்தான். அவனும் என்னிடம்தான் வேலை பார்த்தான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். உளுந்தூர்பேட்டை ஜங்ஷனில் லாரி கழுவியவன். இன்று கள்ளக்குறிச்சியில் இரண்டு லாரியும் ஒரு எடைமேடையும் எனக்குச் சொந்தம். யாருடைய சிபாரிசும் இல்லை, எல்லாம் இந்தக் கை. அந்த எடைமேடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரசீது அடித்துக் கொடுத்தவன்தான் மெடல். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவன் சம்சாரத்துக்கும் சர்ச்சுக்கும் மட்டும்தான் தெரியும்.

எந்நேரமும் அவன் போனில் ஒரு சீட்டாட்டம். ராஜா, ராணி கிடையாது. பூதம், சிங்கம், மந்திரவாதி என்று படம் போட்ட அட்டைகள். ஆட ஆடப் புது அட்டை சேரும். சொன்ன காரியத்தைச் செய்து காட்டினால் ஒரு மெடல் தருவார்கள். சிங்கமே இல்லாமல் ஜெயித்தால் ஒன்று, சாகக் கிடந்து பிழைத்தால் ஒன்று, இப்படி மூட்டை மூட்டையாக மெடல். அத்தனையையும் வாங்காமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தவன் இவன்.

எடைமேடையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வெறும் வண்டியை ஏற்றி எடை பார்ப்போம், பிறகு லோடு வண்டியை. இதில் அதைக் கழித்தால் சரக்கு. மெடல் சீட்டையும் அப்படித்தான் ஆடுவான். புது அட்டை வந்தால் முதலில் அது இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடி, அழகாகத் தோற்பான். அப்புறம் அதைச் சேர்த்து ஆடுவான்.

“இன்னாய்யா, தெரிஞ்சே தோக்கிற?” என்று கேட்டேன்.

“வெறும் வண்டி எட தெரியாம அட்டையோட எட எப்டிங்க மொதலாளி தெரியும்?” என்றான்.

இவன் வெறும் வண்டி ஓட்டும் நேரத்தில் நிஜ வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கும். மணலூர்பேட்டையிலிருந்து கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்காரர் ஒருநாள் ஜன்னலில் தலையை விட்டார்.

“யோவ் மெடலு, கரும்பு காய்ஞ்சிக்கினு கீதுய்யா.”

“காயட்டும்ணே. எட கம்மியா வந்தா எனக்கும் சின்ன நம்பரு, அடிக்க சுளுவு.”

ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் வந்தார். எடைமேடையில் சீட்டாட்டம் நடப்பதாகத் தகவலாம்.

“காசு வெச்சு ஆடுறியா?”

“காசே கெடையாதுங்கய்யா. மெடலுக்கு.”

“காசு இல்லாம எவன்யா சீட்டு ஆடுவான்? இது அத விட சந்தேகமா கீதே” என்று அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். போகும்போது, “அந்தப் பூதத்த மொதல்ல எறக்கியிருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லா மெடலும் வாங்கி ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. ஆட்டத்துக்குள்ளேயே சிநேகிதர் பட்டியல் ஒன்று உண்டு, அதில் இருக்கிற ஒருவரோடு நேருக்கு நேர் ஆடி ஜெயிக்க வேண்டும். அவ்வளவு சுலபமான மெடலை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. புதுப் போன் வாங்கி அதே ஆட்டத்தை ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். ரம்மியில் என்னை ஜெயித்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது.

“மூணு சிங்கம் சேந்துட்டா எறக்கிடலாமாய்யா?”

“இது ரம்மி இல்லீங்க மொதலாளி.”

“எதுவா இருந்தா இன்னா? நான் தோத்துக் குடுக்கறேன், நீ மெடல வாங்கிக்க.”

மெடல் போனைக் கவிழ்த்து வைத்தான். “ஒங்களோட ஆடி வாங்குனா அது மெடல் இல்லீங்க” என்றான். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான்.

அவனுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது படிக்கும்போது இந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டே இருந்திருக்கிறாள். பரீட்சை நேரத்தில் இவனுக்குக் கோபம் வந்து, அவள் போனைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்துவிட்டான். அந்தப் பெண் நர்ஸுக்குப் படித்து ஹைதராபாத்தில் வேலைக்கும் போய்விட்டாள். தினமும் அம்மாவிடம் பேசுவாள். இவன் போனை வாங்கினால் கட் ஆகிவிடும்.

“அப்டி இன்னாதான் கீது இதுலன்னு பாக்கத்தாங்க நானும் ஏத்துனேன். தேடுனா அவ பேரு உள்ள கீது. சேத்துக்கம்மான்னு அழுத்தினேன், சேத்துக்கினா. அதோட சரி. ஒரு ஆட்டம் கெடையாது.”

“அப்பறம் எதுக்குய்யா இவ்ளோ மெடலு?”

“நான் ஒண்ணு வாங்குனா அவ போன்ல டிங்குன்னு கேக்கும்ங்க. அப்பன் உயிரோட கீறான்னு தெரியும் இல்ல.”

“பொண்ண ஆட்டத்துக்குக் கூப்ட வேண்டியதுதான?”

“கூப்ட்டு, வரலன்னா?”

புதுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்புறம் ஒருநாள் எடைமேடை பழுதாகி நின்றது. டிரைவரும் லீவு. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வர நானே லாரியை எடுத்தேன், பேச்சுத்துணைக்கு மெடல். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம். அவன் போன் டிங் என்றது. பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“மொதலாளி. அவ கூப்புடுறா. ஆட்டத்துக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் டவர் போய்விட்டது.

“ரிவர்ஸ் எடுங்க” என்றான். கெஞ்சவில்லை, உத்தரவு போட்டான். முதலாளிக்கு.

மலைப்பாதையில் லாரியை ரிவர்ஸில் இறக்குவதற்கு நெஞ்சில் மயிர் வேண்டும். எனக்கு இருந்தது. ஒரு வளைவு முழுக்கப் பின்னாலேயே இறக்கி, டவர் கிடைத்த இடத்தில் நிறுத்தினேன். பின்னால் ஏறி வந்த பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார்.

“இன்னாய்யா, பிரேக் புடிக்கலயா?”

“பிரேக்லாம் நல்லாத்தான் கீது. எங்க ஆளு சீட்டு ஆடறான்.”

திட்டத்தான் வாயைத் திறந்தார். போனை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெடல் கையில் சிங்கம் இருந்தது. அதை இறக்கினால் ஆட்டம் முடிந்தது, கடைசி மெடலும் கிடைத்துவிடும். அவன் இறக்கவில்லை. சும்மா சும்மா தன் முறையை விட்டுக்கொடுத்தான். அந்தப் பக்கம் அவளும் அடிக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த ஆட்டத்தில் பேச முடியாது. ஹலோ, தேங்க்ஸ், ஸாரி என்று நாலைந்து பட்டன்தான். மெடல் ஸாரி பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

“யோவ், எதிராளிய நக்கல் பண்றதுக்குத்தான்யா அத அழுத்துவாங்க. எம்பையன் ஆடுவான், எனக்குத் தெரியும்” என்றார் கண்டக்டர்.

“எனக்கும் தெரியும்ணே. வேற பட்டன் இல்லியே.”

பஸ்ஸில் ஹார்ன் அடித்தார்கள். கண்டக்டர் திரும்பிக் கையைக் காட்டி அடக்கினார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் பக்கமிருந்து ஒரே ஒரு தேங்க்ஸ் வந்தது. அடுத்த நொடி அவளே தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விட்டுப் போய்விட்டாள். திரை முழுக்கப் பூவாணம் மாதிரி சிதறி, கடைசி மெடல் வந்து நின்றது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. போன் அடித்தது. நானும் கண்டக்டரும் தள்ளிப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றோம். காதில் விழுந்தது இவ்வளவுதான்:

“சாப்ட்டேன் கண்ணு. மலையில கீறம். இல்ல கண்ணு, அழுவல.”

மகள் கூப்பிட்டுக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஹைதராபாத் போய்விட்டார்கள். மேடைக்கு டிப்ளமா படித்த புது ஆளைப் போட்டிருக்கிறேன். ஒரு வண்டிகூட வரிசையில் காத்து நிற்பதில்லை. டிரைவர்கள் ரசீதை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறார்கள். எனக்குத்தான் மேடைப் பக்கம் போனால் சட்டையில் பட்டன் விட்டுப்போன மாதிரி இருக்கிறது.

வாங்கிய போன் வீணாகக் கூடாது என்று நானும் அந்த ஆட்டத்தை ஆடுகிறேன். என் சிநேகிதர் பட்டியலில் அவனையும் சேர்த்திருக்கிறேன். போன வாரம் எனக்கு முதல் மெடல் கிடைத்தது. தொடர்ந்து தோற்றதற்காகத் தருவது அது. சாயந்திரமே ஹைதராபாத்திலிருந்து போன்.

“இன்னா மொதலாளி, இன்னும் ரம்மி மாதிரியே ஆடிக்கினு கீறீங்களா?”

வெகுநேரம் பேசினோம். வைத்த பிறகு, நான் வாங்க வேண்டிய மெடல் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முடியவே இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.