பாதி வழியில் நிற்கும் ஏசா

கச்சிராயபாளையம்,
பங்குனி 19.

கரியாலூர் மலைமேல் குடியிருக்கும் மரியாதைக்குரிய மூத்த சகோதரர் தெய்வசிகாமணி அவர்களின் சமூகத்துக்கு, மலையடிவாரத்திலிருந்து தம்பி தீனதயாளன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். அங்கே தாங்களும் அண்ணியார் ராணியம்மாளும் சௌக்கியமாக இருக்க அம்மன் அருள் புரியட்டும். மழை எப்படி, மரவள்ளி எப்படி, அண்ணியின் முட்டிவலி எப்படி என்றெல்லாம் வரிசையாகக் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

பதினாலு வருஷமாகப் பேச்சில்லாத தம்பி திடீரென்று கடிதம் போடுகிறானே, நிலத்துக்கு ஏதும் கையெழுத்து வேண்டுமோ என்று தாங்கள் சந்தேகப்படுவது நியாயம். கையெழுத்து வேண்டாம். இது சமாதானம் பேசும் கடிதமும் இல்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும், அது தெரியாமல் பதினோரு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒரு கார்டில் எழுதினாலும் போதும், மலை பஸ் டிரைவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினாலும் போதும். ஏசா என்ன செய்தான்? இதுதான் கேள்வி. ஏசா யார், எந்த ஊர்க்காரன், அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் என் கண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாசி மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு முகாமில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு டிவி கூடாது, செல்போன் கூடாது, பேப்பர் கூடாது, குனியக் கூடாது, தும்மக் கூடாது, தலைக்கு ஊற்றவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டில் பேச ஒரு ஆள் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டிய பத்தியம் இது. பெண்டாட்டி விஜயலட்சுமி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, பையன் அஜித்குமார் ஓசூரில் இருக்கிறான், டிவியையும் அணைத்துவிட்டால் என் வீட்டில் சத்தம் போடுவது பல்லி மட்டும்தான். இதை நான் புலம்பிக்கொண்டிருந்ததைப் பக்கத்துக் கட்டிலில் இடது கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த காசியம்மாள் என்கிற அம்மாள் கேட்டுவிட்டு, பையிலிருந்து சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஏறிக்கொள்ளுமாம். உள்ளே வேதாகமத்தின் முதல் புத்தகம் முழுக்கக் குரலாகப் பதிந்திருக்கிறது. "படிக்கத் தெரியாதவங்களுக்குன்னு சர்ச்சுல குடுத்தாங்க. கண்ணக் கட்டிக்கினு கெடக்கறவங்களும் படிக்கத் தெரியாதவங்கதான, கேளுங்க. நான் மூணு வாட்டி கேட்டுட்டேன்" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். கரியாலூர் என்றாள். நான் அவளிடம் கரியாலூர் ரோடு எப்படி, அருவியில் தண்ணீர் வருகிறதா, டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தியா கம்மியா என்று அரைமணி நேரம் விசாரித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவளாகவேதான், "எங்கூர்ல உங்க மூஞ்சி மாதிரியே ஒரு பெரியவரு கீறாரு, தலை மட்டும் பஞ்சாட்டம் வெளுத்துப்போச்சு" என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டேன். ஒரு ஆண்குரல், வானொலிச் செய்தி மாதிரி தெளிவாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறது. அப்பா நமக்குக் கதை சொல்லும்போது ம் கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாரே, அந்தப் பழக்கத்தில் நானும் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினேன். வெளிச்சம் உண்டானது, ம். மரம் செடி உண்டானது, ம். பால் ஊற்ற வந்தவர் நான் யாருக்கோ பதில் சொல்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். மனுஷன் தனியாக இருப்பது நல்லதில்லை என்று ஒரு இடம் வருகிறது, அங்கே மட்டும் எனக்கு ம் வரவில்லை. அந்த ஆள் பாட்டுக்கு மேலே போய்விட்டார். ம் கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான், அது ஒன்றுதான் அந்தப் பெட்டியிடம் எனக்குப் பிடிக்காதது.

வினை மூன்றாம் நாள் வந்தது. ஆதாம் செத்துவிட்டார். தொள்ளாயிரத்து முப்பது வயசு, கல்யாணச் சாவுதான், இருந்தாலும் சாவு சாவுதானே. பாரதம் படிக்கும்போது கர்ணன் விழுந்த அன்றைக்கு அம்மா நம் இரண்டு பேரையும் கிணற்றுக்கு விரட்டித் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? கதையில் செத்தாலும் காதில் விழுந்தால் தீட்டுதான் என்பாள். டாக்டரம்மா தலைக்கு ஊற்றக் கூடாது என்கிறார், அம்மா ஊற்று என்கிறாள். நான் நடுவில் நின்று யோசித்து, கொல்லைத் தொட்டியில் கழுத்துவரைக்கும் முங்கி எழுந்தேன். ஈரவேட்டியோடு உள்ளே வந்தால் அவர் மகன் சேத் செத்துவிட்டார். திரும்ப ஓடி முங்கினேன். வந்தால் ஏனோஸ் செத்துவிட்டார். பெட்டியைப் போடத்தான் காசியம்மாள் கற்றுக் கொடுத்திருந்தாள், நிறுத்தச் சொல்லித்தரவில்லை, அதுவாகச் சார்ஜ் தீர்ந்து ஓய்ந்தால்தான் உண்டு. கேனான், மகலாலெயேல், யாரேத் என்று ஆளுக்குத் தொள்ளாயிரம் சொச்சம் வருஷம் இருந்துவிட்டு நான் துவட்டிக்கொள்வதற்குள் போய்க்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஏனோக்கு என்று ஒருவரைச் சாமியே எடுத்துக்கொண்டார் என்று சொல்லி விட்டுவிட்டார்கள், அதற்கு முங்குவதா வேண்டாமா என்று யாரைக் கேட்பது, கால் மட்டும் கழுவினேன். மொத்தம் எட்டு முழுக்கு. எட்டாவதில் தும்மல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தையல் விட்டுவிடுமோ என்று இமையை விரலால் அமுக்கிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜெயசுதா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரியப்பா, காலைலேர்ந்து முங்கிக்கினே கீறீங்க? யாரு வூட்ல சாவு?"

"ஆதாம்."

"எந்த ஊரு?"

"தெரியாது. வயசானவரு. கூடவே ஏழு பேரு."

அவள் இதை அப்படியே ஓசூருக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அஜித்குமார் சாயந்திரம் கூப்பிட்டு, "அப்பா, மதம் மாறிட்டியா, இல்ல புத்தி மாறிடுச்சா, எதுன்னாலும் சொல்லு" என்றான். எதுவும் மாறவில்லை, அம்மனுக்கு எப்போதும்போலச் சூடம் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டில் ஒரு பேச்சுத்துணை வந்திருக்கிறது அவ்வளவுதான் என்றேன்.  அவன் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அடுத்தது நோவாவின் வெள்ளம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கேட்டேன். உங்களுக்குத் தெரியும், நம்மூரில் மழை வேண்டுமென்றால் விராட பருவம் படிப்பது வழக்கம். விழாக் கமிட்டி இளவரசன் அந்தப்பக்கம் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன், நாற்பது நாள் மழை என்று காதில் விழுந்ததும் மண்வெட்டியோடு ஓடிவந்தான். "நமக்கு நாப்பது வேணாம் சித்தப்பா, ஒரு நாலு நாளு போதும், அத்த திரும்பப் போடு" என்றான். யார் சாமி கொடுத்தால் என்ன, கரும்பு குடிக்காதா என்பது அவன் கட்சி. மைக்கைக் கொண்டுவந்து பெட்டி முன்னால் வைத்து, வெள்ளத்தை மூன்று தடவை ஒலிபெருக்கியில் விட்டான். சாயந்திரம் நிஜமாகவே மழை பெய்தது. கரும்பு வயல் பக்கம் ஒரு பொட்டு இல்லை. ஜெயசுதா வாசலில் காயப்போட்டிருந்த நாலு மூட்டை வேர்க்கடலை மேல் மட்டும் கால்மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் எனக்குக் குழம்பு கொடுப்பதை நிறுத்திவிட்டாள். இளவரசன் போகும்போது, "சித்திரைல காப்புக் கட்டு, இந்த வருஷமும் பரிவட்டம் உங்களுக்குத்தான சித்தப்பா" என்று கேட்டுவிட்டுப் போனான். நான் தலையாட்டினேன்.

இப்போது ஏசாவுக்கு வருகிறேன். ஈசாக்கு என்று ஒரு பெரியவர், கண் தெரியாதவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவன் ஏசா, சின்னவன் யாக்கோபு. பெரியவன் வேட்டைக்குப் போய்விட்டுப் பசியோடு வந்தபோது சின்னவன் ஒரு கிண்ணம் பயற்றங்கூழைக் கொடுத்து மூத்தவன் உரிமையை வாங்கிக்கொண்டான். அப்புறம் அண்ணன் இல்லாத நேரம் பார்த்து, நான்தான் பெரியவன் என்று அப்பாவிடம் சொல்லி, ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டான். கண்ணில் கட்டோடு உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. அவனாவது கூழ் கொடுத்தான் அண்ணே. நான் உனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

நீ என்று எழுதிவிட்டேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

அந்தக் காப்புக் கட்டு அன்றைக்கு நீ வரமாட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா இறந்த வருஷம் அது, மூத்தவனான உனக்கு முதல் பரிவட்டம், நீயோ மலையில் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தாய். மழை, பஸ் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். ஊர் காத்துக்கொண்டிருந்தது, பூசாரி அவசரப்பட்டார். அண்ணன் வரமாட்டார் என்று சொல்லி நான் தலையைக் கொடுத்தேன். கட்டி முடித்து நிமிர்ந்தால், கூட்டத்துக்குப் பின்னால் முட்டி வரைக்கும் சேற்றோடு, கையில் மஞ்சள்பையோடு நீ நிற்கிறாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். அப்படியே திரும்பிப் போனவன்தான், பிறகு அண்ணியையும் அழைத்துக்கொண்டு மலையோடு போய்விட்டாய். விஜயலட்சுமி போனபோதுகூட நீ வரவில்லை. நானும் சொல்லி அனுப்பவில்லைதான், சாவுக்குக் கேள்விப்பட்டால் வர வேண்டியதுதானே என்று இருந்துவிட்டேன். பாடை எடுக்கும்வரை மலை பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

யாக்கோபு வெளியூருக்கு ஓடிப்போய், இருபது வருஷம் அங்கேயே பாடுபட்டு, பெண்டு பிள்ளை ஆடு மாடெல்லாம் சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறான். அண்ணனுக்குப் பயம். ஆட்டுக்கிடா, ஒட்டகம், கழுதை என்று மந்தை மந்தையாக முன்னால் அனுப்பி வைக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான். அந்த இடத்தில் பெட்டி நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன், பேசவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அமீனுல்லா பாயிடம் கொடுத்தேன், இதற்குச் சாமான் எங்கேயும் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார். அவர், காசியம்மாள், யாரைக் கேட்டாலும் மீதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள், எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவர்கள் யாரும் எனக்கு அண்ணன் இல்லை. இருபது வருஷம் கழித்துத் தம்பி மூஞ்சியைப் பார்க்கிற அண்ணனுக்கு அந்த நேரம் மனசில் என்ன ஓடும் என்பது ஒரு அண்ணனுக்குத்தான் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வெட்டுவானா, விடுவானா, பேசாமல் திரும்பிப் போய்விடுவானா? மூன்றாவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மற்றபடி இந்த வருஷம் காப்புக் கட்டு சித்திரை முதல் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல நானே பரிவட்டம் கட்டிக்கொள்கிறேன், தங்களுக்கு ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன். அண்ணியாருக்கு என் வணக்கம். மூத்தவர் கால் தொட்டு வணங்கியதாகக் கொண்டு, வயசில் சின்னவனான என்னை அங்கிருந்தபடியே ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
தீனதயாளன்.

பின்குறிப்பு: பெட்டி கெட்டுப்போகவில்லை. ஏசா வருகிறான் என்றதும் பயந்துபோய்க் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன், நின்றுவிட்டது. எதை அமுக்கினால் ஓடும் என்று நன்றாகத் தெரியும், பதினோரு நாளாக அமுக்கவில்லை. அமீனுல்லா பாய் கடையில் அவர் அதைத் தொட்ட உடனே பேச ஆரம்பித்துவிட்டது, நான் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்துங்க பாய் என்று கத்தியதில் கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். இன்னொன்று. அன்றைக்குக் கடைசியாக மலையிறங்கிய பஸ்ஸின் டிரைவரிடம் நீ, லேட்டாகும், ஆனால் கட்டாயம் வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாய். அவர் வந்து சொன்னார். என் காதில் விழுந்தது. பூசாரி கேட்டபோது தெரிந்தேதான் நீ வரமாட்டாய் என்று சொன்னேன். மேலே வீம்புக்கு எழுதினேனே தவிர, இளவரசனிடம் இன்று காலையில் போய், பரிவட்டம் எனக்கு வேண்டாம், மூத்தவன் வருவான், வராவிட்டால் அம்மன் காலடியிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் எழுத வேண்டாம் அண்ணே, நேரில் வா. மீதியைத் தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, நீ பக்கத்தில் உட்கார வேண்டும். நானூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி.