மண்டபமே படித்த புத்தகம்

பதிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மூன்று வருடங்களில் நான் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரி கிளீனர், மில் கேன்டீன், அச்சாபீஸ் என்று சுற்றியவனுக்குப் பத்துப் பக்கமே பெரிய காரியம். (படிக்காமல் புத்தகம் போடுவது என் கண்டுபிடிப்பல்ல. பெரிய பதிப்பாளர்களிடம் கற்றதுதான்.)

தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூரில் ஒரு தகர ஷெட்டில் நானும் பைண்டர் காஜா பாயும் பதிப்பகம் தொடங்கினோம். முதல் புத்தகம், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுதிய 'பச்சைப் பந்தல்' என்ற நாவல். கோயமுத்தூரில் எந்தக் கடையும் அதை உள்ளே விடவில்லை. மூன்று தலைமுறையாகப் புத்தகம் போடும் ஒரு முதலாளி அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காயிதம் நல்லாருக்குதுங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் பிழைப்பு கல்யாண மண்டபங்களில் ஓடியது. வசதியான வீடுகளில் தாம்பூலப் பையில் தேங்காயோடு அவருடைய பக்திப் புத்தகம் ஒன்றும் விழும். பாட்டன் காலத்து அச்சு. எழுத்து தேய்ந்து, எந்தச் சாமி என்றே தெரியாது. யாரும் பிரிக்காததால் அதுவும் யாருக்கும் தெரியாது.

அவரை மண்டபத்தைவிட்டு விரட்டுவது என்று கிளம்பினேன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் மாமாவின் மகளுக்குக் கல்யாணம்.

"எத்தன நாளைக்குத்தானுங்க மாமா அதே அரதப்பழசு? பையில நம்ம நாவலப் போடுங்க. மொத அத்தியாயமே கல்யாணந்தானுங்க."

"நல்லதாத்தான்டா எழுதியிருக்குது?"

"மங்களகரமா இருக்குமுங்க."

பொய்யில்லை. நான் படித்த பத்துப் பக்கத்தில் சீரும் பந்தியும் கமகமவென்று இருக்கும். இது நல்லபடியாக முடிந்தால் பொள்ளாச்சி ரோட்டு மண்டபங்கள் எல்லாம் எங்களுக்கு. இல்லாவிட்டால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அச்சிட்ட பிரதிகள் அத்தனையையும் டெம்போவில் ஏற்றினேன்.

தாலி கட்டி, காலைப் பந்தி ஆரம்பித்தது. கிளம்பும்போது பையோடு கொடுக்க வேண்டிய புத்தகத்தை, ஆர்வக்கோளாறில், பந்திக்குக் காத்திருந்தவர்களிடமே கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே பிரித்தார்கள். பிரித்தவர்கள் மூடவில்லை. இலை காலியாகியும் உட்கார ஆளில்லை. மேடையில் மணப்பெண்ணும் மடியில் ஒன்றை விரித்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், பாத்தீங்களா? ஜெயிச்சுட்டோம்" என்றேன்.

அப்போது மாமா வந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை வாடா போடா என்று பேசுகிறவர், அன்று 'ங்க' போட்டார்.

"ஏனுங்க, கதையில கல்யாணமாகி மூணாம் நாளு தாலியக் கழட்டி மாமியா கையில குடுத்துப்போட்டு இந்தப் புள்ள ரயிலேறிருச்சே. திரும்பி வருதுங்களா?"

நான் காஜா பாயைப் பார்த்தேன்.

"நான் தெச்சதோட சரி" என்றார் பாய்.

பதில் மாப்பிள்ளையின் அத்தையிடமிருந்து வந்தது. "வரலீங்க சம்பந்தி. நான் கடைசிப் பக்கம் பாத்துட்டேன். மெட்ராசுல நர்ஸ் வேலைக்குப் போயிருச்சு. சந்தோசமாத்தான் இருக்குது."

மாமா புத்தகங்களைத் திரும்ப வாங்கச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். "இருங்க, முடிச்சுட்டுத் தாரேன்" என்றார்கள். மாமா போன் போட்டதும், மதியத்துக்குள் அந்த மூன்று தலைமுறை முதலாளியே காரில் பக்திப் புத்தகக் கட்டுகளோடு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உண்மையிலேயே வருத்தப்பட்டு என்னிடம் சொன்னார்:

"கல்யாணத்துல குடுக்கற புஸ்தகத்தப் படிக்கற மாதிரியாங்க தம்பி போடுவாங்க?"

அவருடைய புத்தகங்கள் வழக்கம்போல் ஒன்றும் பிரிக்கப்படாமல் வீடு போய்ச் சேர்ந்தன. எங்களுக்கு அதற்கப்புறம் எந்த மண்டபமும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே ஷெட்டைக் காலி செய்தோம். பாய் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனார். நான் மறுபடி லாரி ஏறினேன்.

இன்றைக்கும் சொந்தத்தில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும், வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்கிறார்கள்: "குடும்பத்தோட வந்துருங்க. கையில மட்டும் ஒண்ணும் கொண்டாந்துராதீங்க."